எந்த மெஷினில் கரண்ட் வைப்பது?

தாராவி, சயான், செம்பூர், ஆன்டாப் ஹில் பக்கமிருந்து நம் ஆட்கள் எனக்கு அடிக்கடி போன் செய்வார்கள். வாயில் வந்த புண் ஆறவில்லை, இல்லையென்றால் கழுத்தில் கட்டி, பயாப்ஸியில் கேன்சர் என்று வந்துவிட்டது, டாக்டர் கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை எடுக்கச் சொல்லிவிட்டார். இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள்: "எந்த மெஷின்ல வச்சா நல்லதுக்கா?"

என் சித்தப்பாவுக்கு நாக்கின் அடிப்பகுதியில் கேன்சர் வந்து, கேன்சர் மருத்துவமனைகள் இருக்கும் பரேலுக்கும் கார்கருக்கும் அவரோடு அலைந்த காலத்திலிருந்து இந்தக் கேள்வி என்னிடம் வந்துகொண்டிருக்கிறது. நான் டாக்டர் இல்லை. டாக்டர்கள் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் சொன்னதைத் தமிழில் வீட்டுக்குச் சொன்னவள். சொல்வதற்காகப் படித்தேன். படித்ததில் எது முக்கியம், எது விளம்பரம் என்று பிரிக்கக் கொஞ்சம் காலம் பிடித்தது. போனில் பத்து நிமிஷத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தலை, கழுத்துக் கேன்சரில் பழைய மெஷினுக்கும் புது மெஷினுக்கும் உள்ள பெரிய வித்தியாசம், குணமான பிறகு எச்சில் ஊறுமா, சோறு விழுங்க முடியுமா என்பதில்தான் தெரியும். கேன்சர் குணமாகுமா என்பதை அதைவிட அதிகமாகத் தீர்மானிப்பவை இரண்டு: படத்தில் எந்த இடத்துக்குக் கதிர் போக வேண்டும் என்று கோடு போடும் டாக்டரின் கை, ஆரம்பித்த சிகிச்சையை நாள் தவறாமல் முடிப்பது. இந்த இரண்டையும் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை.

சித்தப்பாவுக்குத் தாராவியில் தோல் பை பட்டறை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயதிலேயே பம்பாய்க்கு வந்தவர். பீடியும் கூடவே வந்தது. காது வலிக்கிறது என்று மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். நாக்கின் அடியில் வளரும் கட்டி காதில் வலியாகத் தெரியும் என்று அவருக்கும் தெரியாது, மருந்து கொடுத்த கடைக்காரருக்கும் தெரியாது. கழுத்தில் கட்டி தட்டுப்பட்ட பிறகுதான் ஸ்கோப் போட்டுப் பார்த்தார்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் முன்பகுதி ஆகிய இடங்களில் வருவது வாய்ப் புற்றுநோய். தலை, கழுத்துக் கேன்சர்களில் குட்கா, புகையிலை, பாக்கு இவற்றால் நம் நாட்டில் மிக அதிகமாக வருவது இதுதான். இதற்குப் பெரும்பாலும் முதலில் ஆபரேஷன். வெட்டி எடுத்ததைப் பரிசோதித்துப் பார்த்து, தேவைப்பட்டால் அதன்பின் கரண்ட், சுமார் 60 கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு), 6 வாரம். ஆபரேஷன் முடிந்து 6 வாரத்துக்குள் அதை ஆரம்பித்துவிட வேண்டும் என்பது பொது விதி. டான்சில், நாக்கின் அடி, குரல்வளை, அதன் பின்னால் உள்ள உணவுப்பாதையின் தொடக்கம் ஆகியவை தொண்டைப் பக்கம். இங்கே நோய் கொஞ்சம் முற்றியிருந்தால், பேச்சையும் விழுங்குதலையும் காப்பாற்றுவதற்காகக் கரண்டையே முதன்மைச் சிகிச்சையாக வைத்து, கூடவே சிஸ்பிளாட்டின் கீமோ கொடுப்பார்கள். 70 கிரே, 35 தவணை, வாரம் 5 நாள், 7 வாரம். சித்தப்பாவுக்கு எழுதியது இதுதான். ஆகவே, போன் செய்பவர்களிடம் நான் முதலில் கேட்பது "எந்த இடம்?" என்பதுதான். இடம் தெரியாமல் மெஷினைப் பற்றிப் பேசுவதில் பலனில்லை.

இனி மெஷின்கள். பழைய முறையில் எக்ஸ்ரே படத்தை வைத்து, முகத்தின் இரண்டு பக்கத்திலிருந்தும் நேராக இரண்டு சதுரங்களாகக் கதிரை அனுப்புவார்கள். கட்டி நடுவில் மாட்டும். அதோடு, காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் இருக்கும் பரோட்டிட் எச்சில் சுரப்பிகளும் முழுசாக மாட்டும். சிகிச்சை முடிந்து கேன்சர் போயிருக்கும், எச்சிலும் போயிருக்கும். எச்சில் இல்லாத வாய் என்றால் என்னவென்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ராத்திரி நாலு தரம் எழுந்து தண்ணீர் குடிக்க வேண்டும். சப்பாத்தி மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒன்றிரண்டு வருஷத்தில் பல் ஒவ்வொன்றாகச் சொத்தையாகும்.

இப்படிச் சிகிச்சை கொடுக்கும் மெஷின்களில் பல கோபால்ட் மெஷின்கள். உள்ளே கோபால்ட்-60 இருக்கும், அதன் வீரியம் 5.27 வருஷத்தில் பாதியாகும். வீரியம் குறையக் குறைய ஒவ்வொரு நோயாளியும் மேஜையில் படுத்திருக்கும் நேரம் கூடும். பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்து, பெங்களூருவில் உள்ள பனேசியா நிறுவனம் தயாரிக்கும் பாபாட்ரான் இந்த வகைதான். மின்சாரம் விட்டுவிட்டு வரும் ஊரிலும் ஓடும், பராமரிப்புச் செலவு குறைவு. வலியைக் குறைக்கவும் ரத்தக்கசிவை நிறுத்தவும் இது செய்யும் சேவை பெரியது. கோபால்ட் என்றதும் முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால், பரோட்டிட்டைக் காப்பாற்ற வேண்டிய ஒரு தொண்டைக் கேன்சருக்கு, வேறு வழி இருக்கும்போது இந்த இரண்டு சதுர முறையை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

அடுத்தது 3டி-சி.ஆர்.டி. சி.டி. ஸ்கேன் எடுத்து, கட்டியின் உருவத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து, ஒவ்வொரு திசையிலிருந்தும் பார்த்தால் கட்டி எப்படித் தெரியுமோ அந்த வடிவத்துக்குக் கதிரை வெட்டி அனுப்புவது. வெட்டுவதற்கு, மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் லினாக் மெஷினின் தலைக்குள் மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாக இருக்கும், தனித்தனியாக நகரும். அவுட்லைன் சரியாக விழும். ஆனால் அதற்குள்ளே எல்லா இடத்திலும் ஒரே அளவு கதிர். கழுத்தின் நெறிகட்டிகளோ முதுகுத்தண்டைச் சுற்றி வளைந்து கிடக்கின்றன. நடுவில் முதுகுத்தண்டை விட்டுவிட்டு வளைவுக்கு மட்டும் கொடு என்றால் இந்த முறையால் சரியாக முடியாது.

ஐ.எம்.ஆர்.டி. என்ற முறை அதைச் செய்கிறது. பல திசைகளிலிருந்து கதிர் வரும். ஒவ்வொரு திசையிலும் ஒரு இடத்தில் அதிகம், பக்கத்திலேயே குறைவு என்று அளவு மாறிக்கொண்டே இருக்கும். எல்லாம் சேரும் இடத்தில் கட்டிக்கு 70 கிரே விழும். முதுகுத்தண்டில் எந்த இடத்திலும் 45 கிரேயைத் தாண்டாமல், பரோட்டிட்டில் சராசரி 26 கிரேக்குக் கீழே நிறுத்தப் பார்ப்பார்கள். நான் இதைச் சித்தப்பாவுக்குப் பேப்பரில் வரைந்து விளக்கியபோது அவர் என்னை நிறுத்திவிட்டார்.

"ஏட்டி, புரிஞ்சுபோச்சு. முந்துனது டை வச்சுத் தோலை அடிக்கிறது. ஒரே அடி, ஒரே சைஸு. இது பழுது இருக்கிற இடம் பாத்துக் கையால வெட்டுறது. வெட்டுறவன் கை நல்லாருக்கணும், அம்புட்டுதான்."

இதைவிட நன்றாக எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை.

வீமேட் என்பது ஐ.எம்.ஆர்.டி.யின் வேகமான வடிவம். மெஷின் நோயாளியைச் சுற்றிக்கொண்டே, சுற்றும்போதே தகடுகளையும் கதிரின் அளவையும் மாற்றும். நின்று நின்று கொடுத்த பழைய ஐ.எம்.ஆர்.டி.க்குக் கால் மணி நேரம் ஆனால் இதற்குச் சில நிமிஷம் போதும். விளம்பரங்களில் வரும் ரேபிட் ஆர்க் என்பது ஒரு கம்பெனி வீமேட்டுக்கு வைத்த பெயர். டோமோதெரபி என்பது சி.டி. ஸ்கேன் போல வளையத்துக்குள் சுற்றி ஐ.எம்.ஆர்.டி. கொடுக்கும் மெஷின். ஐ.ஜி.ஆர்.டி. தனியான சிகிச்சையே இல்லை; கதிர் கொடுப்பதற்கு முன் மேஜையிலேயே ஒரு ஸ்கேன் எடுத்து, நேற்று படுத்த இடத்தில்தான் இன்றும் படுத்திருக்கிறாரா என்று மில்லிமீட்டர் கணக்கில் சரிபார்ப்பது. ஒரு பேக்கேஜில் இந்த நாலு பெயரையும் வரிசையாக எழுதி, நாலு சிகிச்சை போலக் காட்டும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். நோயாளியின் வீட்டார் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வெட்கப்படக் கூடாது.

இந்த எச்சில் விஷயம் வெறும் பேச்சில்லை, ஆய்வில் நிறுவப்பட்டது. பிரிட்டனில் 94 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு வழக்கமான முறை, மறு பகுதிக்குப் பரோட்டிட்டைக் காக்கும் ஐ.எம்.ஆர்.டி. கொடுத்தார்கள். பார்ஸ்போர்ட் என்று பெயர், 2011-இல் வெளியானது. ஒரு வருஷம் கழித்துத் தொந்தரவு தரும் அளவுக்கு வாய் வறட்சி இருந்தவர்கள் வழக்கமான முறையில் 74 சதவீதம், ஐ.எம்.ஆர்.டி.யில் 38 சதவீதம். இரண்டு வருஷத்தில் இடைவெளி இன்னும் கூடியது, 83-க்கு 29. நம் மும்பையிலேயே டாட்டா மெமோரியலில் 60 பேரை வைத்து 3டி முறையையும் ஐ.எம்.ஆர்.டி.யையும் ஒப்பிட்டு 2012-இல் வெளியிட்டார்கள். சிகிச்சைக் காலத்தில் எச்சில் சுரப்பி கணிசமாகப் பாதிக்கப்பட்டவர்கள் 89-க்கு 59 சதவீதம். இரண்டு ஆய்விலும் கேன்சரைக் கட்டுப்படுத்துவதில் பெரிய வித்தியாசம் இல்லை. கட்டிக்குக் கிடைக்கும் கதிர் ஏறத்தாழ ஒன்றுதான், சுற்றியுள்ளவை தப்பிப்பதுதான் புதிது.

அதனால்தான் இடத்தைக் கேட்கிறேன். குரல்நாணில் ஆரம்ப நிலையில் மட்டும் கேன்சர் இருந்தால், நெறிகட்டிகளுக்குக் கரண்ட் தேவையில்லை. ஐந்தாறு சென்டிமீட்டர் சதுரத்துக்குக் கொடுத்தால் போதும், பல இடங்களில் 28 தவணையிலேயே முடித்துவிடுகிறார்கள். பரோட்டிட் அந்தப் பக்கமே இல்லை. 3டி முறையிலேயே மிக நன்றாகக் குணமாகும் நோய் இது. மாதுங்காவில் எனக்குத் தெரிந்த ஒரு மாமாவுக்கு இதற்குப்போய் மிக விலை உயர்ந்த பேக்கேஜை எழுதிக்கொடுத்திருந்தார்கள். இன்னொரு டாக்டரிடம் காட்டச் சொன்னேன். எளிய முறையில் முடித்துக்கொண்டு இப்போது சத்தமாகப் பேசுகிறார்.

ப்ரோட்டானைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. சித்தியின் தம்பி சென்னையிலிருந்து தினமும் போன் செய்தார். "அக்கா, ப்ரோட்டான் வச்சா சைடு எஃபெக்டே கிடையாதாம். தரமணியிலயே இருக்கு. வீட்டை அடமானம் வச்சாவது பண்ணிடலாம்." பாசத்தில் சொன்னதுதான். ஆனால் "கிடையாதாம்" என்பது தவறு.

லினாக் மெஷினிலிருந்து வரும் எக்ஸ்ரே கதிர் உடலுக்குள் நுழைந்து, கட்டியைத் தாண்டி மறுபக்கம் வெளியேறும், போகும் வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் விட்டுச்செல்லும். ப்ரோட்டான் ஒரு ஆழம் வரை போய், அங்கே தன் சக்தியின் பெரும்பகுதியைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். அதற்கு அப்பால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று ராபர்ட் வில்சன் என்ற இயற்பியலாளர் 1946-லேயே எழுதினார். இந்தியாவில் 2019-இல் சென்னை தரமணியில் அப்பல்லோ ஆரம்பித்தது. டாட்டா மெமோரியலின் கார்கர் வளாகத்தில் 2023-இல் நோயாளிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

மண்டையோட்டின் அடிப்பகுதியில் உள்ள கட்டி, கண் நரம்பை ஒட்டிய சைனஸ் கட்டி, குழந்தைகளுக்கு வருவது, ஏற்கெனவே கரண்ட் வைத்த இடத்தில் நோய் திரும்புவது, ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் போதும் என்ற நிலை – இங்கெல்லாம் ப்ரோட்டானுக்கு உண்மையான மதிப்பு உண்டு. இப்படி ஒரு குழந்தைக்குத் தேவை என்று டாக்டர் சொன்னால் கடன் வாங்கியாவது செய்யுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். சித்தப்பாவைப் போலக் கழுத்தின் இரண்டு பக்கமும் கொடுக்க வேண்டிய தொண்டைக் கேன்சருக்கு நிலைமை அவ்வளவு தெளிவாக இல்லை. அமெரிக்காவில் டான்சில், நாக்கின் அடிப்பகுதிக் கேன்சர் உள்ள 440 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், நோயைக் கட்டுப்படுத்துவதில் ப்ரோட்டான் ஐ.எம்.ஆர்.டி.க்குக் குறைவில்லை என்று வந்தது, குழாய் வழியாக உணவு தேவைப்பட்டவர்களும் குறைவு. பிரிட்டனில் நடந்த டார்பிடோ ஆய்வில் ஒரு வருஷம் கழித்து வாழ்க்கைத் தரத்திலோ குழாய் உணவிலோ சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தை வீட்டை அடமானம் வைக்கச் சொல்ல என் மனசு ஒப்பவில்லை. அதோடு, குறிப்பிட்ட ஆழத்தில் நிற்பதுதான் ப்ரோட்டானின் பலம் என்பதால், நோயாளி இளைத்து கழுத்தின் சுற்றளவு குறைந்தால் கணக்கு மாறிவிடும். அடிக்கடி ஸ்கேன் எடுத்துத் திட்டத்தைத் திருத்த வேண்டிவரும். தொண்டையில் கரண்ட் வைக்கும் யார் இளைக்காமல் இருக்கிறார்கள்?

நாங்கள் எப்படி முடிவெடுத்தோம் என்று கேட்பார்கள். ஒரு இடத்தில் எல்லா மெஷினும் இருந்தன, ஆனால் வரிசை நீளமாக இருந்தது. இன்னொரு இடத்தில் நாளைக்கே ஆரம்பிக்கலாம் என்றார்கள், ஆனால் பழைய இரண்டு சதுர முறை. மூன்றாவது இடத்தில் வீமேட், பத்துப் பன்னிரண்டு நாளில் ஆரம்பம், தலை-கழுத்தை மட்டுமே பார்க்கும் கதிர்வீச்சு டாக்டர், சயானிலிருந்து லோக்கலில் போய்வரும் தூரம். மூன்றாவதைப் பிடித்துக்கொண்டோம். "தலை-கழுத்தை மட்டுமே பார்க்கும்" என்பதுதான் என்னைப் பொறுத்தவரை தீர்மானமான காரணம்.

ஏன் என்று சொல்கிறேன். இந்தக் கோடு போடும் வேலை சாதாரணமானதில்லை. சி.டி. படத்தின் ஒவ்வொரு துண்டிலும் கட்டி இதுவரை, நெறிகட்டி இதுவரை, இது பரோட்டிட், இது விழுங்கும் தசை, இது தாடை எலும்பு என்று டாக்டர் கையால் வரைய வேண்டும். நூற்றுக்கு மேல் துண்டுகள், பல மணி நேர வேலை. கொஞ்சம் குறைவாகப் போட்டால் கேன்சர் தப்பிக்கும், தாராளமாகப் போட்டால் நல்ல தசை வெந்துபோகும். ஒரு சர்வதேச ஆய்வில் பங்கேற்ற மருத்துவமனைகளின் திட்டங்களை நிபுணர்கள் பிறகு சரிபார்த்தார்கள். 2010-இல் வெளியான முடிவு என்னைத் தூங்கவிடவில்லை. திட்டம் சரியாக இருந்தவர்களில் இரண்டு வருஷத்தில் 70 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். பெரிய குறையோடு போடப்பட்ட திட்டத்தில் சிகிச்சை பெற்றவர்களில் 50 சதவீதம். ஆய்வுக்கு ஐந்து நோயாளிகள்கூடச் சேர்க்காத இடங்களில்தான் இந்தக் குறை அதிகம், நிறையச் சேர்த்த இடங்களில் மிகக் குறைவு. இருபது சதவீத வித்தியாசம்! எந்த மெஷினை மாற்றினாலும் இவ்வளவு கிடைக்காது. ஆகவே மெஷினின் பெயரைக் கேட்கும் நேரத்தில், "டாக்டர், வருஷத்துக்கு எத்தனை பேருக்குத் தொண்டைக்குக் கொடுக்கிறீர்கள்? நீங்கள் போட்ட கோட்டை இன்னொரு டாக்டர் பார்ப்பாரா?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

இரண்டாவது, நாள். கரண்ட் ஆரம்பித்துச் சில வாரங்களில் மிச்சமிருக்கும் கேன்சர் செல்கள் வேகமாகப் பெருக ஆரம்பிக்கும். சிகிச்சை தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு 1.4 சதவீதம் அளவில் குறைகிறது என்பது துறையில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. இதை மறுபக்கமிருந்தும் நிரூபித்திருக்கிறார்கள். டென்மார்க்கில் வாரம் 5 தவணைக்குப் பதில் 6 தவணை கொடுத்து, அதே மொத்த அளவை ஒரு வாரம் முன்னதாக முடித்தார்கள். ஐந்து வருஷத்தில் கட்டி வந்த இடத்திலும் கழுத்திலும் நோய் கட்டுக்குள் இருந்தவர்கள் 60-லிருந்து 70 சதவீதமானார்கள். சர்வதேச அணுசக்தி முகமை வளரும் நாடுகளில் இதையே செய்து பார்த்து 2010-இல் வெளியிட்டது, 30-லிருந்து 42. புது மெஷின் எதுவும் வாங்கவில்லை, சனிக்கிழமையும் வரச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

சித்தப்பாவுக்கு நாலாவது வாரத்தில் மெஷின் கெட்டுப்போனது. மருத்துவமனையின் பெயர் வேண்டாம். கவுண்டரில் இருந்தவர் "திங்கட்கிழமை வாங்க" என்று சாதாரணமாகச் சொன்னார், நாங்களும் திரும்பியிருப்போம். வரிசையில் எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு மராத்தி அம்மா விடவில்லை. தன் மகனுக்காக உள்ளே போய் டாக்டரைப் பிடித்து, விட்ட நாளை எப்படி ஈடுகட்டுவீர்கள் என்று கேட்டார். அவர் பின்னாலேயே நானும் போய் நின்றேன். டாக்டர் உட்கார்ந்து கணக்குப் போட்டு, ஒரு சனிக்கிழமையும், இன்னொரு நாளில் ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு தவணையும் எழுதிக்கொடுத்தார். அதற்கு வழி இருந்தது. கேட்டவர்களுக்குக் கிடைத்தது. கேட்காமல் திங்கட்கிழமை வந்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது.

பெரும்பாலானோர் நாளை விடுவது மெஷினால் அல்ல, வலியால். மூன்றாவது வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகும். எச்சில் நூல் நூலாகக் கோழையாகும். ருசி போய்விடும், சித்தி வைத்த ரசத்தைச் சித்தப்பா "மண்ணைக் கரைச்சாப்ல இருக்கு" என்று தள்ளினார். ஒரு காலை கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டு, "ஏட்டி, இன்னைக்கு விட்ருவோம், நாளைக்குப் போவோம்" என்றார். சித்தி கெஞ்சினார். நான் கெஞ்சவில்லை, ஆட்டோவைக் கூப்பிட்டேன். மூக்கில் குழாய் போட்டதும்தான் நிலைமை மாறியது. குழாய் போட்டால் கடைசிக் காலம் என்று நம் வீடுகளில் ஒரு பயம் இருக்கிறது. சத்துக்கஞ்சியும் பாலும் முட்டையும் அரைத்து அதன் வழியே போனதால்தான் எடை நின்றது, கீமோவையும் தாங்கினார். அதே சமயம், தண்ணீரை மட்டுமாவது வாயால் தினமும் விழுங்கிக்கொண்டே இருக்கச் சொன்னார் ஸ்பீச் தெரபிஸ்ட். விழுங்கும் தசையை வேலை இல்லாமல் விட்டால் அது இறுகிவிடும்.

எடை ஏன் முக்கியம் என்பது மாஸ்க்கைப் பார்த்தால் புரியும். சுடுதண்ணீரில் போட்டால் இளகும் ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் தகடு அது. இளகியதும் முகத்திலும் தோளிலும் அழுத்தி வைத்து, ஆறும்வரை விரலால் மூக்கு, தாடை ஓரமெல்லாம் நீவிவிடுவார்கள். சில நிமிஷத்தில் இறுகி, அந்த ஆளின் முகமாகவே நிற்கும். தினமும் அதைப் போட்டு மேஜையோடு கிளிப் மாட்டினால் தலை அசையாது. திட்டம் துல்லியமாக இருக்க இருக்க அசைவு ஆபத்து. மாஸ்க்குக்குள் இரண்டு விரல் நுழையும் அளவுக்குச் சித்தப்பா இளைத்தபோது டெக்னீஷியன்தான் முதலில் கவனித்து டாக்டரிடம் சொன்னார். திரும்ப ஸ்கேன் எடுத்து, புது மாஸ்க் செய்து, திட்டத்தைத் திருத்தினார்கள். அந்தப் பையனுக்கு நாங்கள் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் பல் டாக்டரிடம் போக மறக்காதீர்கள். ஆடும் பல், வேரில் சீழ் உள்ள பல் எல்லாவற்றையும் அப்போதே பிடுங்கிவிட்டு, புண் ஆற இரண்டு மூன்று வாரம் கொடுத்து ஆரம்பிப்பதுதான் முறை. கரண்ட் பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும். பிறகு வருஷம் கழித்துப் பல் பிடுங்கினாலும் எலும்பு ஆறாமல் செத்துப்போக வாய்ப்புண்டு. சயானில் ஒரு பல் கிளினிக்கில், கழுத்துக்குக் கரண்ட் வைத்தவர் என்று கேட்காமலே ஒருவருக்குப் பல் எடுத்து, அவர் பட்ட பாட்டை நான் நேரில் பார்த்தேன். எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் வாயைத் திறப்பதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

பயணத்துக்கு ஒரு தகவல். மும்பை லோக்கலில் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் கேன்சர் நோயாளிகளும் ஏறலாம். பெட்டியின் வெளியே நண்டு படம் போட்டிருக்கிறதே, அது அவர்களுக்கானதுதான். நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாமல் காலை நெரிசலில் பொதுப்பெட்டியில் நசுங்குகிறார்கள். மருத்துவமனைக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வருபவர்களுக்கு ரயில்வே கட்டணச் சலுகையும் உண்டு. தங்க இடமில்லாதவர்கள் தாதரில் உள்ள காட்கே மகாராஜ் தர்மசாலாவில் விசாரிக்கலாம். மருத்துவமனையின் சமூக சேவகர்தான் இதற்கெல்லாம் சரியான ஆள், முதல் நாளே அவரைப் பாருங்கள். ஏழு வாரம் தங்கவே வழியில்லை என்றால் அதை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். 33 தவணையில் கொடுப்பதை, ஒவ்வொரு தவணையின் அளவையும் சற்றுக் கூட்டி 20 தவணையில் முடிப்பது குறைந்ததில்லை என்று அணுசக்தி முகமையின் ஹிப்னோ ஆய்வு 2023-இல் அறிவித்திருக்கிறது. யாருக்குப் பொருந்தும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போவதைவிட இது எவ்வளவோ மேல்.

சித்தப்பா பட்டறைக்குத் திரும்பிவிட்டார். பையில் எப்போதும் தண்ணீர் பாட்டில். இட்லியைச் சாம்பாரில் ஊறவிட்டுச் சாப்பிடுகிறார், ஊறுகாய் இன்னும் ஒத்துக்கொள்வதில்லை. எச்சில் முழுசாக வரவில்லை. வீமேட் வைத்தாலும் முழுசாக வராது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சிகிச்சை முடிந்த வீடுகளுக்கு மூன்று விஷயம். வாயைத் திறக்கும் பயிற்சியை, ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்களுக்கு நடுவே வைத்துத் திறப்பதை, முடிந்துவிட்டது என்று நிறுத்தாமல் தொடருங்கள். பல் டாக்டர் எழுதிக்கொடுக்கும் ஃபுளோரைடு ஜெல்லை ஆயுசுக்கும் விடாதீர்கள். கழுத்துக்குக் கரண்ட் வைத்தவர்களில் பலருக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் தைராய்டு சுரப்பு குறையும். எப்போதும் சோர்வு, உடம்பு கனம், குளிர் தாங்கவில்லை என்றால் "கேன்சர் திரும்பிவிட்டதோ" என்று வீடே நடுங்கும். ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு முறை டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை எடுத்தால் தெரிந்துவிடும், தினமும் ஒரு மாத்திரையில் சரியாகும். டிஸ்சார்ஜ் காகிதத்தில் இது எழுதப்படவில்லை என்றால், அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.